தொங்கும் சக்யுலெண்ட் செடிகளை வீட்டிலேயே பெருக்குவது எப்படி? பேர்ல்ஸ், ஹார்ட்ஸ், பர்ரோஸ் டெயில் மூன்றுக்கும் முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ், ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ், பர்ரோஸ் டெயில். மூன்றும் தண்ணீரைத் தனக்குள் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுள்ள செடிகள், அதாவது சக்யுலெண்ட். நர்சரியில் மூன்றும் ஒரே கம்பியில் பக்கம் பக்கமாகத் தொங்கும். அதனால் மூன்றையும் ஒரே மாதிரி வெட்டி, ஒரே மாதிரி மண்ணில் செருகிவிடுகிறோம். ஒன்று பிழைக்கும், இரண்டு அழுகும். செடிமேல் தப்பில்லை. மூன்றும் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் விதமே வேறு.

பேர்ல்ஸ் தன் சொந்த ஊரான தென்னாப்பிரிக்காவில் தொங்குவதில்லை. வறண்ட நிலத்தில், புதர்களின் அரைநிழலில் தரையோடு படர்ந்து கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் கணுவில் எல்லாம் வேர் விடும். ஹார்ட்ஸும் அந்த நாட்டுச் செடிதான், ஆனால் அது பாறையில் வாழ்வது. 1881இல் ஜான் மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் நேட்டால் பகுதியில் பாறைகளிலிருந்து அது தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதன் தாவரவியல் பெயரான செரோபீஜியா வுடியையில் இருப்பது அவர் பெயர்தான். இந்தச் செடி கொடியிலேயே குட்டிக் குட்டிக் கிழங்குகள் விடும். பர்ரோஸ் டெயில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியைச் சேர்ந்தது. லேசாக இடித்தாலே இலையை உதிர்க்கும், உதிர்ந்த இலையிலிருந்தே புதுச்செடி வரும்.

ஆக, பேர்ல்ஸைப் படுக்க வைக்க வேண்டும், ஹார்ட்ஸின் கிழங்கை மண்ணில் அமர்த்த வேண்டும், பர்ரோஸ் டெயிலின் இலையைப் பரப்பி வைக்க வேண்டும். கீழே வரும் முறைகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

எந்த ஊருக்கு எது, எப்போது

சென்னை, திருச்சி, மதுரை மாதிரி சமவெளி ஊர்களில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஹார்ட்ஸ். வெயிலையும் மறதியையும் அதிகம் தாங்கும். அதற்கு அடுத்து ஸ்ட்ரிங் ஆஃப் பனானாஸ். இது பேர்ல்ஸின் நெருங்கிய சொந்தம், இலை மட்டும் வாழைப்பழம் போல வளைந்து நீண்டிருக்கும். வளர்ப்பதும் பேர்ல்ஸைவிடச் சுலபம். இந்த இரண்டிலும் கை பழகியபின் பேர்ல்ஸுக்கு வரலாம். பர்ரோஸ் டெயில் ஓசூர், ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி மாதிரி இடங்களில் செழிக்கும். கடலோர ஊர்களில் கஷ்டப்பட்டுத்தான் வளர்க்க வேண்டியிருக்கும். முடியாது என்றில்லை, ஆனால் முதல் செடியாக அதை எடுக்காதீர்கள்.

காலம் ரொம்ப முக்கியம். சமவெளியில் டிசம்பர் பாதிக்குமேல் பிப்ரவரி முடியும் வரை மிக நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், பகல் சூடு குறைந்திருக்கும், வெட்டிய துண்டு வாடாமல் வேர் விட அவகாசம் கிடைக்கும். கோவை பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றோட்டமான பருவமும் சரிப்படும். அக்டோபர், நவம்பர் மழையில் வெட்டினால் காயம் ஆறாமல் பூஞ்சை பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கத்தரியையே தொடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் தாய்ச்செடியைக் காப்பாற்றுவதே பெரிய வேலை.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. புதிதாகச் செடி வாங்கினால் எந்த மாதமானாலும் ஒரு வாரம், பத்து நாளில் இரண்டு மூன்று கொடிகளை வெட்டித் தனியாக வைத்துவிடுங்கள். குளிர்ந்த ஊர்ப் பசுமைக்குடிலில் வளர்ந்த செடி சென்னை பால்கனிக்கு வந்ததும் அடிவேர் அழுகிப்போவது அடிக்கடி நடக்கிறது. நர்சரித் தொட்டியில் வெறும் தென்னை நார்க்கழிவு மட்டும் இருந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தாய் போனாலும் வம்சம் கையில் இருக்கட்டும்.

மண் கலவையும் தொட்டியும்

இந்தச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீரில் மூச்சுமுட்டிச் சாவதே அதிகம். வேருக்குக் காற்று வேண்டும். தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே போட்டால் இரண்டு முறை தண்ணீர் ஊற்றியதும் இறுகிவிடும்.

நான் நம்பும் கலவை எளிது: தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு, பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைக் குருணை ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் செங்கல்லை உடைத்து, தூளைச் சலித்து எடுத்துவிட்டு, மிளகு அளவுத் துண்டுகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடுகிறவர்கள், அலசும் தண்ணீர் தெளியும் வரை அதைக் கழுவ வேண்டும். அந்தச் சாம்பல் நிறத் தூள்தான் கலவையின் துவாரங்களை அடைக்கும். வேர் விடும் கட்டத்தில் மண்புழு உரமோ சாணமோ வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்கும் தீனி.

கலவை சரியா என்று பார்க்க, ஈரமாக்கி ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக இருக்கட்டும். 4 அங்குல அகலம், 2 முதல் 3 அங்குல ஆழம் போதும். இந்த வேர்கள் மேலாக ஓடுபவை. ஆழமான தொட்டியின் அடியில் நிற்கும் ஈரத்தை அவை எட்டவே எட்டாது, அந்த ஈரம் அழுகலுக்குத்தான் உதவும். சாப்பாடு பார்சல் வரும் பிளாஸ்டிக் டப்பா இதற்கு மிகப் பொருத்தம். அடியில் சூடான ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டுவிடுங்கள். மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கும் வேலை இருக்கிறது.

ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்: சுருட்டிப் படுக்க வைப்பது

முதலில் கொடியைத் தேர்ந்தெடுப்பது. இதன் இலைகளான உருண்டைகள் கெட்டியாக, அடுத்தடுத்து நெருக்கமாக இருக்கும் கொடியாகப் பாருங்கள். உருண்டைக்கும் உருண்டைக்கும் இடைவெளி அதிகம் உள்ள மெலிந்த கொடி வெளிச்சம் போதாமல் வளர்ந்தது. அதில் சேமிப்பு குறைவு. வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு தாய்ச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள். உருண்டைக்குள் இருக்கும் அந்தத் தண்ணீர்தான் வேர் வரும் வரை கொடிக்குச் சாப்பாடு.

கத்தரியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, 4 முதல் 6 அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய கொடிகளை ஒரு செய்தித்தாளில் பரப்பி, மின்விசிறி நேராக அடிக்காத நிழலில் ஒரு நாள் விடுங்கள். மழைக்காலம் என்றால் இரண்டு நாள். வெட்டுவாய் காய்ந்து, லேசாக வெளுத்துச் சுருங்கியிருக்கும். அதுதான் கணக்கு. அதற்குமேல் காய விடாதீர்கள். கற்றாழையைப் போல இதன் தண்டு தடிமனில்லை, நூல் மாதிரி மெலிந்தது, சீக்கிரம் வற்றிவிடும்.

இனி படுக்க வைப்பது. கலவையை லேசான ஈரத்தில் நிரப்பி, மேற்பரப்பை உள்ளங்கையால் சமன் செய்யுங்கள். கொடியை எடுத்து, கொசுவர்த்திச் சுருள் மாதிரி மண்மேல் சுற்றி வையுங்கள். உருண்டைகள் மேலே இருக்கட்டும், தண்டு மண்ணைத் தொட வேண்டும். தண்டை உற்றுப் பார்த்தால் ஒவ்வோர் உருண்டையும் அதனோடு சேரும் இடத்தில் சின்னப் புடைப்பு தெரியும். அதுதான் கணு. சில கணுக்களில் ஏற்கெனவே மயிரிழை மாதிரி வெள்ளை வேர் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் கீழே வரும்படி திருப்பி வையுங்கள்.

தண்டு எழும்பி நிற்கும் இடங்களில் கொண்டை ஊசியைக் கவிழ்த்துச் செருகினால் போதும், அழகாகப் பிடித்துக்கொள்ளும். காகித கிளிப்பை வளைத்தும் செருகலாம். நசுக்காமல், தொட்டுக்கொண்டு இருக்கும்படி மட்டும். உருண்டைகளை மண்ணில் புதைக்காதீர்கள். புதைந்த உருண்டை அழுகும், அந்த அழுகல் தண்டுக்கும் ஏறும்.

பலர் கேட்கும் சந்தேகம்: உதிர்ந்த உருண்டையை மட்டும் வைத்தால் செடி வருமா? அது வேர்கூட விடலாம், ஆனால் தளிர் வருவதை எதிர்பார்க்க முடியாது. புதுக் கொடி கிளம்பும் மொட்டு, இலை தண்டோடு சேரும் கணுவில்தான் இருக்கிறது. ஒரு துண்டுத் தண்டு ஒட்டிய உருண்டையாக இருந்தால் முயலலாம்.

டப்பாவின் மூடியை முழுதாக மூடாமல், ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டுச் சாய்த்து வையுங்கள். நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும், நேர்வெயில் படக்கூடாது. கிழக்கு ஜன்னலுக்கு உள்பக்கம், மெல்லிய திரைக்குப் பின்னால் என்றால் ரொம்ப நல்லது. மேல்மண் காய்ந்ததும் ஸ்ப்ரேயரால் மேற்பரப்பு நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறையா, நான்கு நாளுக்கு ஒரு முறையா என்பதை உங்கள் வீட்டுக் காற்றுதான் சொல்லும், காலண்டர் சொல்லாது. மூடியின் உள்பக்கம் எந்நேரமும் முத்து முத்தாக வியர்த்திருந்தால் ஈரம் அதிகம், மூடியை எடுத்துவிடுங்கள்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். கொடி நுனியில் கடுகு அளவில் புது உருண்டைகள் வருவது நல்ல அடையாளம். விரலால் மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். தினமும் தூக்கிப் பார்க்காதீர்கள். அப்போதுதான் வந்த வேர் அறுந்துபோகும்.

பனானாஸுக்கும், பேர்ல்ஸின் இன்னொரு சொந்தமான ஸ்ட்ரிங் ஆஃப் டால்பின்ஸுக்கும் இதே முறைதான், ஒரு மாற்றமும் வேண்டாம்.

ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ்: கிழங்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது

வயதான கொடிகளில், இலை ஜோடி இருக்கும் கணுவில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் உருண்டை ஒன்று திரண்டிருக்கும். நோயோ என்று பயந்து கிள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அது செடி சேர்த்து வைத்திருக்கும் கிழங்கு. தண்ணீரும் மாவுச்சத்தும் அதற்குள் இருக்கின்றன.

கிழங்குள்ள கொடியை வெட்டவே வேண்டாம். தாய்த் தொட்டி பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியை வைத்து, கொடி தாயோடு இருக்கும்போதே கிழங்கை மண்மேல் பாதி புதையும்படி அமர்த்தி, கொண்டை ஊசியால் பிடித்து வையுங்கள். நம் வீடுகளில் மல்லிகைக்குப் பதியம் போடும் அதே வழிதான் இது. தாயிடமிருந்து உணவு போய்க்கொண்டே இருப்பதால் வாடாது, அழுகுவதும் அரிது. கிழங்கிலிருந்து புதுத்தளிர் கிளம்பியபின் தாயோடு இருக்கும் தொடர்பை வெட்டிவிடுங்கள். வீட்டில் ஒரே ஒரு செடி வைத்திருந்து, அதை இழக்க மனமில்லாதவர்கள் பேர்ல்ஸுக்கும் இதையே செய்யலாம். எனக்கு எல்லா முறையிலும் பிடித்தது இதுதான்.

கிழங்கு இல்லாத இளங்கொடி என்றால் இரண்டு வழி. ஒன்று, இலை ஜோடி ஒவ்வொன்றையும் கணுவோடு சேர்த்துத் தனித்தனியாக வெட்டுவது. கணுவுக்கு மேலும் கீழும் அரை அங்குலத் தண்டு விடுங்கள். பால் மாதிரி கசியாது, தெளிந்த சாறுதான் வரும். துடைத்துவிட்டு ஒரு நாள் காய வைத்து, இலைகள் இரண்டும் மேலே விரிந்திருக்க, கணு மண்ணைத் தொடும்படி வரிசையாக அடுக்குங்கள். ஒரு அடி நீளக் கொடியிலிருந்து பல செடிகள் கிடைக்கும். தொட்டியின் மேற்பரப்பை முழுக்க நிரப்ப இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொன்று, தண்ணீர். கொடியின் கீழ்ப்பகுதியில் இரண்டு ஜோடி இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணுக்கள் மூழ்கும்படி சின்னக் கண்ணாடிக் குப்பியில் நிறுத்துங்கள். இலை தண்ணீரில் படக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். வேர் ஓர் அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். நீளமாக வளரவிட்டால் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும். மாற்றிய முதல் இரண்டு வாரம் மண் முழுக்கக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேர்ல்ஸைத் தண்ணீரில் நிறுத்துவதை நம் ஊர்ச் சூட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்டு சீக்கிரம் கொழகொழத்துப் போகும்.

இளஞ்சிவப்பு ஓரம் கொண்ட வகையில் முழுக்கச் சிவந்த, பச்சையே இல்லாத கொடியை வெட்டி வைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பச்சையம் இல்லாமல் அது தனியாகப் பிழைக்காது. பச்சையும் சிவப்பும் கலந்த கொடியாக எடுங்கள்.

பர்ரோஸ் டெயில்: உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளாதீர்கள்

எரிக் வால்தர் என்ற தாவரவியலாளர் 1935இல் மெக்சிகோவின் கோட்டெபெக் ஊரில் ஒரு சின்ன நர்சரியில்தான் இந்தச் செடியைக் கண்டார். தாவரவியலாளர்கள் காட்டில் அதைக் காணும் முன்பே மனிதர்கள் வளர்த்துக்கொண்டிருந்த செடி இது.

பேர்ல்ஸில் கணு இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று சொன்னேன். இங்கே அப்படியில்லை. இந்த இனத்தில் இலையின் அடி நுனியிலிருந்தே புதிதாக மொட்டு உண்டாகும். ஒரே நிபந்தனை, இலை அடியோடு முழுதாகப் பிரிந்திருக்க வேண்டும். பாதியில் ஒடிந்ததில் வராது.

தொட்டியை இடம் மாற்றும்போது உதிரும் இலைகளைச் சேர்த்து, ஒரு தட்டில் மூன்று நான்கு நாள் நிழலில் விடுங்கள். அப்புறம் லேசான ஈரமுள்ள கலவைமேல் சும்மா பரப்பி வையுங்கள், புதைக்க வேண்டாம். வேர் வரும் வரை தண்ணீரே தேவையில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அடி நுனியிலிருந்து இளஞ்சிவப்பு நூல் மாதிரி வேர் கிளம்பும். அப்போது அந்த வேர்மேல் ஒரு சிட்டிகை மணலைத் தூவி மூடிவிட்டு, தெளிப்பதைத் தொடங்குங்கள். அதன்பின் குட்டி இலைக்கொத்து ஒன்று தலைகாட்டும். தாய் இலை சுருங்கச் சுருங்கக் குட்டி பெரிதாகும். அது தானாகக் காய்ந்து விழும் வரை பிய்க்காதீர்கள். பரப்பிய எல்லா இலையும் வராது. அதனால் கை நிறையப் பரப்புங்கள்.

இலை முறை நிதானமானது. பார்க்கத் தொட்டியாக ஒரு வருடத்துக்குமேல் ஆகும். அவசரம் என்றால் 3, 4 அங்குலத் தண்டை வெட்டி, அடியில் ஓர் அங்குலத்துக்கு இலைகளைக் கழற்றி, மூன்று நாள் காய வைத்து நட்டுவிடலாம். கழற்றிய இலைகளும் வீணாகாது.

வேலை செய்யும்போது இலையை விரலால் தடவாதீர்கள். அதன்மேல் இருக்கும் வெண்பூச்சு வெயிலிலிருந்து காக்கும் மெழுகு. ஒரு முறை அழிந்தால் அந்த இலையில் திரும்ப வராது.

என்ன கோளாறு, என்ன செய்வது

உருண்டை சுருங்கிக் கெட்டியாக இருந்தால் தாகம். கண்ணாடி மாதிரி தெளிந்து, தொட்டால் நசுங்கினால் அழுகல். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். அழுகலைத் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் விட்டால் மிச்சமும் போகும். அழுகல் என்றால் பச்சையான இடம் வரை வெட்டி எறிந்து, மீதியை மறுபடி காயவைத்து, புதுக் கலவையில் வையுங்கள். பழைய கலவையை அதே வேலைக்குத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

மேல்மண்ணில் பச்சைப் பாசி படர்ந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு. மூடியை எடுத்துவிட்டுத் தெளிப்பதைக் குறைத்தாலே போதும்.

இலைக்கும் தண்டுக்கும் நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. காது குடையும் பஞ்சுக் குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்துத் தொட்டு எடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள், முட்டை தப்பியிருக்கும். எறும்பு ஏறுகிறதா என்றும் கவனியுங்கள், மாவுப்பூச்சியை அதுதான் ஊருக்கெல்லாம் கொண்டுபோகும். ஹார்ட்ஸுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலை மாலை வேளையில் தெளிக்கலாம். பர்ரோஸ் டெயிலுக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம், அந்த மெழுகைக் கரைத்துவிடும்.

குழந்தைகள், பூனை, நாய் உள்ள வீடுகளில் பேர்ல்ஸைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். பச்சைப் பட்டாணி என்று வாயில் போட்டுக்கொள்ள அதிக நேரம் ஆகாது. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும். அதன் இனத்தைச் சேர்ந்த பனானாஸுக்கும் டால்பின்ஸுக்கும் இதே கவனம் வேண்டும். ஹார்ட்ஸிலும் பர்ரோஸ் டெயிலிலும் அந்தப் பயம் இல்லை.

தொங்கவிடும் முன்

வேர் பிடித்து, புது வளர்ச்சி நான்கு விரல் அளவு வந்தபின் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அப்போது கலவையில் கால் பங்கு மண்புழு உரம் சேர்க்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயிலுக்குப் பழக்குங்கள். முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி, கடைசியில் இரண்டு மணி நேரம். பதினோரு மணிக்குமேல் அடிக்கும் வெயில் சமவெளியில் எந்த வகைக்கும் ஆகாது.

தொங்கவிடும் உயரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூரையை ஒட்டி மாட்டினால் கொடி நுனிக்கு வெளிச்சம் கிடைக்கும், தொட்டியின் தலைக்குக் கிடைக்காது. தலைப்பகுதி மொட்டையாகி, கீழே நாலு கொடி மட்டும் தொங்கும். ஜன்னலின் மேல்விளிம்புக்குக் கீழே தொட்டியின் வாய் வருமாறு மாட்டுங்கள். ஏற்கெனவே மொட்டையான தொட்டி இருந்தால், நீண்ட கொடி இரண்டை வெட்டாமலேயே மேலே தூக்கி, மொட்டை இடத்தில் சுருட்டிப் பதித்துவிடுங்கள். அங்கேயே வேர் விட்டு மூடிக்கொள்ளும்.

தண்ணீரை அடியிலிருந்து கொடுப்பது நல்லது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, தொட்டியைக் கால் மணி நேரம் உட்கார வைத்து எடுத்துவிடுங்கள். மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த முறை.

வெட்டிய கொடியை வெளியூரில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டுமென்றால், ஒரு நாள் காயவைத்து, உலர்ந்த செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஈரப்பஞ்சும் வேண்டாம், பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். இரண்டும் வழியிலேயே அழுக வைக்கும். திங்கட்கிழமை அனுப்பினால் வார இறுதி விடுமுறையில் கூரியர் குடோனில் மாட்டாது. பர்ரோஸ் டெயில் என்றால் தண்டை அனுப்பாதீர்கள், போய்ச் சேரும்போது இலை பாதி கொட்டியிருக்கும். இலைகளையே ஒரு காகித உறையில் போட்டு அனுப்பிவிடுங்கள்.